மலைப்பிரதேசங்களில் உறைபனிக் காலமும் கற்றாழை, கள்ளி வகைகளும்

நீலகிரியிலும் பழநி மலைகளிலும் 6,000 அடிக்கு மேற்பட்ட கிராமங்களில் தோட்டத்தின் எல்லையில் ஆனைக்கற்றாழையை வேலியாக வைத்திருப்பதைப் பல இடங்களில் காணலாம். கல் சுவருக்கும் முள்கம்பிக்கும் ஆகும் செலவைக் கருதினால் இது மலிவான வேலி. மாடு கடிப்பதில்லை, கோடையில் ஜலம் விட வேண்டுவதில்லை, வேர் பிடித்துக்கொண்டபின் எரு கேட்பதுமில்லை. ஆயினும் மார்கழி, தை மாதங்களில் உறைபனி கடுமையாக விழுந்த ஆண்டுகளில் இவ்வேலியின் ஒரு பகுதி பசுமை மாறாமல் நிற்க, மற்றொரு பகுதி வெந்த கீரையைப்போலத் துவண்டு, சில நாட்களில் கறுத்து அழுகிப்போவதுண்டு. இரு பகுதிகளும் ஒரே தாய்ச்செடியின் கன்றுகளாக இருக்கும். ஒரே நாளில் நடப்பட்டவையாகவும் இருக்கும். வேலியில் இடைவெளி விழுந்தால், உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் பயிரான நிலத்தில் மாடு புகுவதற்கு அதிக நாள் ஆகாது. புதுக்கன்று நட்டு, அது மறுபடியும் வேலியாகத் தடிப்பதற்கோ சில ஆண்டுகள் செல்லும்.

இந்த நஷ்டத்தைக் குளிரின் கொடுமை என்று கூறி விட்டுவிடுவது வழக்கமாக இருந்து வருகிறது. குளிர் ஒன்றே காரணமாயின் வேலி முழுவதும் ஒருங்கே மடிந்திருக்க வேண்டும். அவ்வாறு நேராமையால் வேறு காரணத்தைத் தேடவேண்டியது அவசியமாகிறது. செடி நிற்கும் இடத்தில் குளிர்ந்த காற்று தேங்கியதா, அச்சமயம் செடியின் உடலிலும் வேரிலும் எவ்வளவு நீர் இருந்தது என்ற இரண்டு விஷயங்களே பெரும்பாலும் அதன் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. இவ்விரண்டும் ஓரளவு விவசாயியின் கைக்குள் அடங்கியவை.

குளிர் தேசங்களின் உதாரணம்

கற்றாழையும் கள்ளியும் வெப்ப பூமிக்கே உரியவை என்ற எண்ணம் சமவெளியில் உள்ளவர்களிடம் வேரூன்றியிருப்பது இயல்பு. ஆனால் சப்பாத்திக்கள்ளியின் இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு கள்ளி, கானடா தேசத்தில் பீஸ் நதிக்கரையில், பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 56 டிகிரியில், பனிக்கட்டி மூடிய நிலத்தில் தானாகவே வளர்கிறது. ஐரோப்பாவின் மலைகளில் பாறை இடுக்குகளில் வளரும் சதைப்பற்றுள்ள ஒரு சிறு செடியை, ஒவ்வொரு தோட்டக்காரனும் தன் வீட்டுக் கூரையின்மேல் வைத்து வளர்க்க வேண்டும் என்று, ஏறத்தாழ கி.பி. 800ஆம் ஆண்டளவில் சார்லமேன் சக்கரவர்த்தியின் பண்ணைகளுக்கென எழுதப்பட்ட கட்டளையில் காணப்படுகிறது. இடியைத் தடுக்கும் என்பது அக்கால மக்களின் நம்பிக்கை. நம்பிக்கை எவ்வாறாயினும் இடம் சரியானதே. சாய்ந்த கூரையில் மண் கொஞ்சம். விழுந்த நீர் நிற்பதற்கு வழியில்லை. ஆகவே மாதக்கணக்கில் பனி மூடியிருந்தும் அச்செடி அழுகாமல் பிழைக்கிறது.

கானடாவின் கள்ளி பிழைப்பதற்கு மற்றுமொரு ரகசியம் உண்டு. பகல் குறுகி, குளிர் மெதுவாக ஏறத் தொடங்கியதும் அது தன் உடலில் உள்ள நீரைக் குறைத்துக்கொள்கிறது. பருத்திருந்த மடல்கள் சுருங்கித் தோல் திரைந்து தரையோடு படிந்துவிடுகின்றன. பார்ப்பவர் செடி செத்ததென்றே நினைப்பர். உள்ளே எஞ்சிய நீரில் சர்க்கரைச் சத்தும் கோழையும் செறிந்து, அது எளிதில் உறையாதபடி காக்கின்றன. வசந்தம் வந்ததும் செடி நீரை உறிஞ்சி மறுபடியும் பருக்கிறது.

உறைபனியில் செடி சாகும் விதத்தை அறிந்தால் இதன் பிரயோஜனம் விளங்கும். முதலில் உறைவது செல்களுக்கு வெளியே இடைவெளிகளில் உள்ள நீர். அங்கே உண்டான பனித்துகள் செல்லுக்குள் இருக்கும் நீரைத் தன்பால் இழுக்கிறது. இழுப்பு அளவோடு நின்றால் செல் சுருங்கியபோதிலும் உயிரோடிருக்கும். பனி கரைந்ததும் நீரைத் திரும்பப் பெறும். இழுப்பு மிஞ்சினாலும், பனித்துகள் செல்லுக்குள்ளேயே உண்டானாலும், செல்லின் மெல்லிய சவ்வு சிதைந்து சாறு வெளியே கசிந்துவிடும். இலை முதலில் கண்ணாடிபோல் தெளிந்து, பின்னர் கறுத்துக் கூழாவது இதனாலேயே. நீர் நிரம்பிப் பருத்த செடிக்கு இந்த ஆபத்து அதிகம்.

நீலகிரியில் உள்ள சங்கடம்

மேற்கூறிய தேசங்களில் செடிக்குத் தயாராவதற்கு அவகாசம் கிடைக்கிறது. நீலகிரியில் கிடைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து, செடி வயிறு நிரம்பக் குடித்திருக்கும் வேளையில் மழை ஓய்ந்து, வானம் வெளுத்து, அடுத்த சில இரவுகளிலேயே உறைபனி தொடங்கிவிடுகிறது. பகலிலோ வெயில் நன்றாகக் காய்கிறது. உதகமண்டலத்தில் தை மாதத்துப் பகலில் 20 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் காண்பது சாதாரணம்; அன்றிரவே புல்மட்டத்தில் உறைநிலைக்குக் கீழ் 2, 3 டிகிரி வரை இறங்குவதும் உண்டு. பகல் வெயிலில் வளர்ச்சியைத் தொடரும் செடிக்கு இரவுக் குளிருக்கு இசைந்து இறுகச் சமயமில்லை. ஆகவே கானடாவின் கடுங்குளிரோடு ஒப்பிட்டால் மிகச் சிறியதான இந்தக் குளிர், இங்கே நட்ட செடியைக் கொன்றுவிடுகிறது.

இதற்கு ஈடாக ஒரு நன்மையும் உண்டு. அமெரிக்காவில் அரிஸோனா பாலைவனத்தில் 40 அடி உயரம் வளரும் ஸகுவாரோ என்னும் பெருங்கள்ளியைப் பாரஸ்ட் ஷ்ரீவ் என்ற தாவர சாஸ்திரி ஆராய்ந்து, 1911ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார். அக்கள்ளி எந்த எல்லைவரை பரவும் என்பதை நிர்ணயிப்பது ஓர் இரவின் குளிர் எத்தனை டிகிரி என்பதன்று. உறைநிலை எத்தனை மணி நேரம் இடைவிடாமல் நீடிக்கிறது என்பதே என அவர் கண்டார். இரவில் உறைந்து பகலில் இளகும் இடத்தில் அது பிழைக்கிறது. பகலிலும் இளகாமல் குளிர் தொடரும் இடத்தில் மடிகிறது. நீலகிரியில் உறைபனி பெரும்பாலும் பின்னிரவில் தொடங்கிச் சூரியோதயத்திற்குப்பின் சிறிது நேரத்தில் கரைந்துவிடுவதால், தடித்த உடலையுடைய ஆனைக்கற்றாழையின் உட்பாகம் உறைவதற்குள் விடிந்துவிடுகிறது. சிறு கன்றுக்கு இந்தத் தடிப்பு இல்லை. வேலி நட்ட முதல் இரண்டு குளிர்காலங்களிலேயே சேதம் அதிகம் ஏற்படுவது இதனால்தான்.

அதே பாலைவனத்தில் ஸகுவாரோவின் இளங்கன்றுகள் வெட்டவெளியில் அதிகம் தென்படுவதில்லை. வேறு மரம், புதரின் நிழலிலேயே அவை முளைத்துப் பிழைக்கின்றன. மேலே கவிந்த கிளை பகலில் வெயிலையும் இரவில் வானத்தை நோக்கி வெப்பம் வெளியேறுவதையும் தடுக்கிறது. உறைபனி பிரதேசத்தில் கன்றைக் காக்க விரும்புவோர் கவனிக்கத்தக்க பாடம் இது.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

காற்று அசையாத, மேகமற்ற இரவில் பூமி தன் வெப்பத்தை வானத்திற்கு இழந்து குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடுகிறது. கனத்த காற்று சரிவில் நீரைப்போலவே கீழ்நோக்கி வழிந்து, பள்ளத்தில் குளம்போல் தேங்குகிறது. சரிவின் நடுப்பகுதி தப்பித்திருக்க, தாழ்ந்த சதுப்புப் பகுதி வெண்மையாகக் கிடப்பதை நீலகிரி விவசாயிகள் யாவரும் கண்டிருப்பர். கொடைக்கானல் ஏரியைச் சுற்றியுள்ள தாழ்ந்த இடங்களிலும் இவ்வாறே. ஆகையால் பள்ளத்தாக்கின் அடியில் உள்ள கறுத்த சதுப்பு மண்ணில் எந்தச் சதைப்பற்றுள்ள செடியையும் நடுவது வீண். அங்கே தேங்கும் குளிர்ந்த காற்றும் நிலத்தில் ஊறிய நீரும் ஒன்றுசேர்ந்து செடியை அழிக்கின்றன.

வானிலை நிலையத்து உஷ்ணமானி ஏறக்குறைய 4 அடி உயரத்தில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வைக்கப்படுவது. அதில் 3 டிகிரி காட்டும் இரவிலும் தரையில் புல் உறைந்திருக்கலாம். ஆகவே பத்திரிகையில் வெளியாகும் எண்ணை நம்பி இராமல், குறைந்த உஷ்ணநிலையைக் குறித்து நிறுத்தும் உஷ்ணமானி ஒன்றைத் தம் நிலத்திலேயே புல்மட்டத்தில் வைத்து, ஒரு குளிர்காலம் பார்த்துக்கொள்வது நன்று. அதற்கு வசதியில்லாதோர், உறைபனி விழுந்த காலையில் வெயில் ஏறுமுன் நிலத்தைச் சுற்றி நடந்து, வெண்மை எந்த வரப்புவரை வந்திருக்கிறதென்று குச்சி நட்டுக் குறித்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று நாட்கள் குறித்தால் ஏறக்குறைய ஒரே கோடு கிடைக்கும். அக்கோட்டிற்கு மேலே வேலிக் கற்றாழை தைரியமாக நடலாம்.

இங்கே ஒரு தவறான வழக்கத்தைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. சரிவு நிலத்தின் கீழெல்லையில் கற்றாழையை நெருக்கமாக நட்டு, அது தடித்துச் சுவர்போலானதும், மேலிருந்து வழிந்துவரும் குளிர்ந்த காற்று அதில் முட்டி நிலத்துக்குள்ளேயே தேங்குகிறது. பயிரைக் காக்க வைத்த வேலியே உருளைக்கிழங்குக் கொடியைக் கருக்குகிறது. வேலியின் உட்புற வரிசையும் அதனோடு கருகுகிறது. கீழெல்லையில் 20, 30 அடிக்கு ஒருமுறை மூன்றடி அகலத்திற்குச் செடியின்றி விட்டு, அந்த இடைவெளியை மட்டும் மூங்கில் படலாலோ கம்பியாலோ அடைத்துக்கொண்டால் மாடும் வராது, காற்றும் வழிந்து போய்விடும். மேலெல்லையில் இத்தகைய இடைவெளி வேண்டியதில்லை. அங்கே நெருக்கமான வேலி இருப்பது மேலிருந்து வரும் குளிர்காற்றைத் திருப்பிவிட உதவும். காட்டெருமையும் காட்டுப்பன்றியும் வரும் இடங்களில் கற்றாழை வேலியை மட்டும் நம்பியிருப்பது, பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பயன் தராது.

நடும் பருவமும் முறையும்

ஐப்பசி மழையில் நட்டால் கன்று சுலபமாகப் பிடிக்கும் என்று கருதி அக்காலத்தில் நடுவோர் உண்டு. அவ்வாறு நட்ட கன்று வேர் ஓடுமுன் உறைபனியைச் சந்திக்கிறது. பனிக்காலம் கழிந்த பங்குனி, சித்திரையே ஏற்ற பருவம். கோடை மழையில் வேர் ஓடி, தென்மேற்குப் பருவமழையில் வளர்ந்து, குளிர் வருவதற்குள் கன்று ஓரளவு தடித்துவிடும்.

தாய்ச்செடியின் அடியிலிருந்து ஓரடி உயரமுள்ள பக்கக்கன்றுகளை மண்வெட்டியால் பெயர்த்து, நைந்த வேர்களைக் கத்தரித்து, வெட்டுவாய் உலரும்வரை ஒரு வாரம் நிழலில் போட்டுவைக்க வேண்டும். உடனே நட்டால் ஈரம்பட்ட வெட்டுவாய் வழியாக அழுகல் புகும். கற்றாழைச் சாறு உடலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் உண்டாவதால், வேலையாட்கள் கைகால்களை மூடிக்கொள்வது நல்லது.

எல்லையோரமாக ஓரடி ஆழம் வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணை உட்புறம் கரையாகப் போட்டு, கரையின்மேல் 3 அடிக்கு ஒரு கன்றாக நடுவதே சிறந்த முறை. இரட்டை வரிசையாயின் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைக்கலாம். வாய்க்கால் மழைநீரை வடிப்பதோடு மாட்டிற்கும் ஒரு தடை. மலைகளின் செம்மண் களிப்பாக இருக்குமிடங்களில் கரை மண்ணோடு சரளையும் உடைகல்லும் மூன்றில் ஒரு பங்கு சேர்க்கவேண்டும். இந்தச் சரளைச் செலவை வீண் என்று எண்ணுவோர் பலர். பனியில் மடிந்த கன்றுகளைப் பெயர்த்து வேரைப் பார்த்தால் அவர்கள் அபிப்பிராயம் மாறக்கூடும். இலை கருகுமுன்பே வேர் அழுகியிருப்பது அடிக்கடி காணக்கூடிய காட்சி.

கன்றைச் சற்று வெளிப்புறம் சாய்த்து நடுவதும் உசிதம். நிமிர்ந்து நிற்கும் கன்றின் குருத்துக் குழியில் மழைநீர் தேங்கி இரவில் உறைகிறது; குருத்து கெட்டால் கன்று தேறாது. சாய்ந்த கன்றில் நீர் வழிந்துவிடும்.

ஆவணிக்குப்பின் தொழு எருவோ தழைச்சத்து உரமோ கற்றாழைக்கும் கள்ளிக்கும் இடலாகாது. அது இளஞ்சதையைப் பெருக்கும். இளஞ்சதையே முதலில் உறையும். வேலிக்கு அப்பால் உருளைக்கிழங்கிற்கு இட்ட உரம் மழையில் வழிந்து வேலியின் அடிக்கு வராதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். கார்த்திகை இறுதியில் அடியில் படர்ந்த களைகளையும் சருகுக் குவியலையும் அகற்றினால் மண் விரைவில் காயும். ஆனால் ஆனைக்கற்றாழையின் காய்ந்த கீழிலைகளை மட்டும் வெட்டாமல் விடுவது மேல். அடித்தண்டுக்கு அவை போர்வையாகும்.

மூடுதலும் மற்ற உபாயங்களும்

இரண்டு வயதுக்குட்பட்ட கன்றுகளுக்கு மட்டும் மூடாக்கு அவசியம். நான்கு கழிகளை நட்டு, அவற்றின்மேல் பெரணித் தழை, காய்ந்த புல் அல்லது பழைய சாக்கைப் பரப்பிச் சிறு பந்தல்போல் அமைத்தால் போதும். மூடாக்கு இலையைத் தொடலாகாது. பக்கங்கள் திறந்திருக்கவேண்டும். வேலை குறைவென்று பிளாஸ்டிக் தாளைச் செடியின்மேல் போர்த்திவிடுவதை இக்காலத்தில் காண்கிறோம். தாள் தொட்ட இடமெல்லாம் உறைகிறது. பகலில் அதன் உட்புறம் நீர் வியர்த்துச் செடியை நனைக்கிறது. மூடாமலிருப்பதே அதைவிட மேல்.

சூரியன் உதித்ததும் கிழக்கு வெயில் நேராக விழும் செடிகளில் சேதம் கூடுதலாக இருப்பதுண்டு. உறைந்த சதை விரைவாக இளகுவது அதற்குக் கேடு. கிழக்கில் மரமோ மேடோ இருந்து, வெயில் ஒரு மணி நேரம் தாமதித்து விழும் இடம் இவ்வகையில் அனுகூலமானது.

தேயிலைத் தோட்டங்களில் வெயில் ஏறுமுன் தெளிப்பான்களால் ஜலம் தெளித்து உறைபனியைக் கழுவிவிடுவது உண்டு. தேயிலைக்கு நன்மை செய்யும் இம்முறையைக் கற்றாழைக்கும் கள்ளிக்கும் பின்பற்றினால் குருத்தில் ஈரம் தங்கி, அடுத்த இரவின் உறைபனிக்கு வழியாகும். ஈரச் சருகைக் கொளுத்திப் புகை போடுவதால் கிடைக்கும் பலன் அற்பம்.

எதை நடலாம், எதை நடலாகாது

ஆனைக்கற்றாழை, நன்றாக வேர் ஓடித் தடித்தபின், உலர்ந்த மண்ணில் உறைநிலைக்குக் கீழ் 6, 7 டிகிரிவரை பொதுவாகத் தாங்கக்கூடியது. ஆகவே நீலகிரியின் பனிக்கோட்டிற்கு மேலே அதைப்பற்றிக் கவலை வேண்டாம். நாருக்காகச் சமவெளியில் பயிராகும் சிஸல் கற்றாழை அவ்வளவு தாங்காது. சோற்றுக்கற்றாழை உறைநிலையிலேயே நுனி கருகத் தொடங்கும். வீட்டின் தெற்குச் சுவரையொட்டி, தாழ்வாரத்தின்கீழ் வைத்தாலன்றி உயர்ந்த மலைகளில் அதனால் பயனில்லை. கொம்புக்கள்ளியும் சதுரக்கள்ளியும் சமவெளிக்கும் அடிவாரத்திற்கும் உரியவை.

வறட்சிக் காலத் தீவனத்திற்கென முள்ளில்லாச் சப்பாத்திக்கள்ளி இப்போது பல இடங்களில் பேசப்படுகிறது. அமெரிக்காவில் லூதர் பர்பாங்க் 1907ஆம் ஆண்டில் இத்தகைய கள்ளிகளை வெகு விளம்பரத்துடன் விற்பனைக்கு வெளியிட்டார். குளிர் மிகுந்த இடங்களில் நட்டவை உறைபனியில் மடிந்தன. முள்ளில்லாமையால் வேலியின்றி வைத்தவற்றை மிருகங்கள் தின்று தீர்த்தன. உறைபனி விழும் நிலத்தில் இதைப் பெரிய அளவில் நடுமுன் நான்கைந்து செடிகளை ஒரு குளிர்காலம் வைத்துப் பார்ப்பது விவேகம்.

முள்ளுள்ள சப்பாத்திக்கள்ளியை வேலியாக வைக்கும் யோசனையைக் கிராம அதிகாரிகள் ஊக்குவிக்கலாகாது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாயப்பூச்சி வளர்ப்பதற்காக டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்ஸன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் வைத்த காலம் முதல், இவ்வினம் தமிழ்நாட்டிற்குத் தந்த தொல்லை சிறிதன்று. புறம்போக்கிலும் பட்டாவிலும் காடாகப் பரவிய நாகதாளியை, 1926ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒருவகைச் சாயப்பூச்சியே அடக்கியது. வெட்டி எறிந்த ஒவ்வொரு மடலும் விழுந்த இடத்தில் வேர் விடும். ஆனைக்கற்றாழையும் இவ்விஷயத்தில் முற்றிலும் குற்றமற்றதன்று. அதன் பக்கக்கன்றுகள் ஆண்டுதோறும் வெளிப்புறம் நகர்ந்து, நடைபாதையைக் குறுக்கி, அளவைக் கல்லையும் மறைத்துவிடும். எல்லைக்கல்லைச் சுற்றி மூன்றடிக்குச் செடி இல்லாமல் வைத்துக்கொள்ளும்படி நிலச்சொந்தக்காரருக்கு முன்னதாகவே அறிவித்தால் பிற்பாடு வழக்கு நேராது.

ஒரே நாளில் நட்ட வேலிக்கு மற்றுமோர் அபாயம் உண்டு. ஆனைக்கற்றாழை பத்து முதல் முப்பது ஆண்டுகளுக்குள் ஒரே முறை பெருந்தண்டு விட்டுப் பூத்து மடிவது. பல செடிகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் பூத்துவிட்டால் பனி செய்யாத இடைவெளியைப் பூ செய்துவிடும். பக்கக்கன்றுகளில் ஒன்றிரண்டை வரிசைக்குள்ளேயே விட்டுவைப்பது இதற்குப் பரிகாரம்.

சேதம் நேர்ந்தபின்

கருகிய இலைகளைக் கண்டதும் அரிவாள் எடுப்பது தவறு. உயிருள்ள சதைக்கும் செத்த சதைக்கும் இடையே உள்ள எல்லை இரண்டு மூன்று வாரங்களுக்குப்பின்னரே தெளிவாகப் புலப்படும். அதுவரையில் கருகிய இலை அடியிலுள்ள நல்ல சதைக்கு மறைவாக இருக்கும். பனிக்காலம் ஓய்ந்தபின், மழையில்லாத நாளில், கூரிய கத்தியால் நல்ல சதை தெரியும்வரை வெட்டி, வெட்டுவாயில் சாம்பலோ கந்தகத்தூளோ தடவி உலரவிடவேண்டும். குருத்தை மெதுவாக இழுத்தால் கையோடு வந்து, அடி நாறினால் அச்செடி தேறாது. அதை வேரோடு அகற்றி, குழியை வெயிலில் காயவிட்டு, பங்குனியில் புதுக்கன்று நடவேண்டும். குருத்து கெட்டியாக நின்றால், வெளியிலைகள் எவ்வளவு கறுத்திருப்பினும் செடி பிழைக்கும். அத்தகைய செடிக்கு இரக்கப்பட்டு ஜலம் ஊற்றலாகாது. புதிய இலை ஒன்று வெளிப்பட்டு விரியும்வரை அதை உலர விட்டிருந்து, கோடை மழை தொடங்கியபின்னரே அடியைக் கொத்திவிடலாம்.